ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் வைப்பது?

பள்ளிக்கூடத்தில் முயல் வளர்க்கலாமா, கோழி வளர்க்கலாமா என்று கேட்டுக்கொண்டு தன்னிடம் வரும் தலைமையாசிரியர்களிடம் அந்தக் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஞாயித்துக்கிழமை யார் தண்ணி வைப்பாங்க?"

பெரும்பாலானவர்கள் இதை எதிர்பார்த்து வருவதில்லை. கூண்டுக்கு எவ்வளவு ஆகும், எந்த இனம் நல்லது, ஊசி இலவசமா என்றெல்லாம் கேட்கத் தயாராக வந்திருப்பார்கள். சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் "வாட்ச்மேன் இருக்காரு டாக்டர்" என்பார்கள். அரசுத் தொடக்கப்பள்ளியில் ஏது வாட்ச்மேன் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். "பிள்ளைங்ககிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போகிறவர்கள் அபூர்வம். அப்படிப் போனவர்களின் பள்ளிகளில்தான் கோழி பிழைத்தது என்கிறார் அவர்.

பணிக்காலத்தின் பெரும்பகுதியை விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் கழித்தவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அன்றும் இன்றும் 'மாட்டு டாக்டர்'. சினை ஊசி, குடற்புழு மருந்து, கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு, நாய் கடித்த ஆடு என்று போகும் அவருடைய அன்றாடத்தில் பள்ளிக்கூடத்துக்கு இடமே கிடையாது. அது வந்து சேர்ந்தது பிப்ரவரி மாதத்துக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வழியாக. நிழலும் மேசையும் கிடைக்கும் என்பதால் முகாமைப் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் போடுவார்கள். பிள்ளைகள் விடிந்ததும் வீட்டுக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். வருடம் முழுவதும் பத்தரை மணிக்கு வருகிற பையன் அன்று எட்டு மணிக்கே வந்து நிற்பதை ஒரு தலைமையாசிரியை கவனித்தார். அடுத்த வாரமே மருந்தகத்துக்கு வந்தார். அவர் கேட்டது முயல்.

ஆசிரியர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது முயல்தான். வெள்ளை வெளேரென்று, சத்தம் போடாமல், பாடப்புத்தகப் படத்தில் உள்ளபடியே இருக்கும். இவர் வேண்டாம் என்பார். முயல் குளிர்ப் பிரதேசத்துக்குத் தோதான பிராணி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல் வளர்க்கிறது என்றால் அங்கே உள்ள குளிர் அதற்கு ஒத்துப்போகிறது. முப்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே முயலுக்கு மூச்சு வாங்கும். கரிசல்காட்டுச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் மதியத்துக்குள் சுருண்டு விழும். இன்னொரு சங்கதி, பிள்ளைகள் அதைத் தூக்கும் விதம். முன்னங்காலையோ காதையோ பிடித்துத் தூக்கினால் முயல் பின்னங்காலை உதறும். அந்த உதறலில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும். கொஞ்சுவதற்கென்று வாங்கி வந்த பிராணி, கொஞ்சும்போதே செத்துப்போவதைப் பள்ளிக்கூடம் தாங்காது.

அடுத்த கோரிக்கை கிளி. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே சட்டம். "கிளி ஜோசியக்காரர் மட்டும் வச்சிருக்காரே சார்" என்று ஒரு பையன் மடக்கியபோது, "அவரையும் புடிக்க வேண்டியதுதான்" என்று சொல்லி இவர் தப்பித்தார். லவ் பேர்ட்ஸ் வளர்க்கத் தடையில்லை. ஆனால் கம்பிக்கு வெளியே நின்று பார்ப்பதைத் தவிர பிள்ளைகளுக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பார்ப்பதும் நின்றுவிடும்.

ஆகக் கடைசியில் மிஞ்சுவது நாட்டுக்கோழி. அதிலும் சிறுவிடை. சின்ன உடம்பு, நன்றாக அடை உட்காரும், வெயிலைத் தாங்கும், கிடைத்ததைப் பொறுக்கித் தின்னும். யாரும் படம் பிடித்துப் போடுகிற அழகு அதற்கு இல்லை. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற கோழியைப் பள்ளிக்கூடத்திலும் எதற்கு வளர்க்க வேண்டும் என்று கேட்ட ஆசிரியர்களும் உண்டு. வீட்டில் அது அம்மாவின் கோழி, இல்லையென்றால் அப்பத்தாவின் கோழி. அதன் முட்டை யாருக்கு, எப்போது அறுப்பது, எவ்வளவுக்கு விற்பது என்பதெல்லாம் பெரியவர்களின் முடிவு. பள்ளிக்கூடத்துக் கோழியைப் பொறுத்தவரை அந்த முடிவெல்லாம் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது.

கூண்டைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தில் அவர் கறார். கடையில் 'கோழி வலை' என்று கொடுக்கிற அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, கீரி உள்ளே வருவதைத் தடுக்காது. கடித்து இழுத்தால் கிழிந்துவிடும். வெல்டுமெஷ் வேண்டும், கூண்டின் அடித்தளம் தரையிலிருந்து இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். உடைந்த மேசைக் கால்களுக்குப் பள்ளிக்கூடங்களில் பஞ்சமே இல்லை. அடைக்கோழிக்குத் தனியாக ஒரு பஞ்சாரம், சந்தையிலேயே கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் முறைப் பட்டியல். காலையில் திறந்துவிடுவது, தண்ணீர் மாற்றுவது, குருணையும் கம்பும் அளந்து போடுவது, எச்சம் அள்ளுவது, சாயங்காலம் எண்ணி அடைப்பது. எச்சம் அள்ளும் வேலை எந்தப் பிள்ளையின் பக்கம் நகர்கிறது என்று பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி மற்றதெல்லாம் தெரிந்துவிடும் என்பார் டாக்டர். ஒன்று, பெண் பிள்ளைகள் பக்கம் நகரும். அல்லது ஊருக்கு வெளியே உள்ள தெருவிலிருந்து வருகிற பிள்ளைகள் பக்கம் நகரும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், தானாக நடந்ததுபோல் நடக்கும். ஆகையால் வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் முறை, மாற்றிக்கொள்ளவும் கூடாது, 'எனக்குப் பதிலாக அவன்' என்பதும் கிடையாது என்று முதல் நாளே எழுதி ஒட்டச் சொல்வார். "எம்புள்ளைய கோழிப்பீ அள்ளவா பள்ளிக்கூடம் அனுப்புறேன்" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். தலைமையாசிரியை பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். அதில் தலைமையாசிரியையின் பெயரும் இருந்தது, திங்கட்கிழமைக்கு.

அடை வைத்த பிறகு பள்ளிக்கூடத்தின் நிறமே மாறிவிடும். ஊர்ப் பெண்கள் ஒற்றைப்படையில்தான் முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று பக்கத்தில் ஒரு கரித்துண்டும் இரும்புத்துண்டும் வற்றல் மிளகாயும் போட்டு வைப்பார்கள். டாக்டர் இதையெல்லாம் மறுத்துப் பேசுவதில்லை. மிளகாய் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும், முட்டையைத் தூக்கிக் குலுக்காமல் இருந்தால் சரி. இருபத்தொரு நாள் கணக்கைப் பிள்ளைகள் சுவரில் கோடு கிழித்து வைத்துக்கொள்வார்கள்.

ஏழாம் நாள் ஒரு வேலை இருக்கிறது. ஜன்னலைச் சாக்குப் போட்டு மூடிய சாமான் அறை. கறுப்பு சார்ட் அட்டையைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையில் செல்போன் டார்ச், மறுமுனையில் முட்டையின் அகன்ற பக்கம். ஐந்தைந்து பிள்ளைகளாக உள்ளே வருவார்கள். முதல் முட்டை ஒளியில் செக்கச்செவேலென்று ஒளிரும். உள்ளே சிலந்தி கூடு கட்டியதுபோல நாலாபக்கமும் ரத்த நாளங்கள், நடுவில் ஒரு கரும்புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அந்தப் புள்ளி அசைவது தெரியும். "சார், உள்ள யாரோ இருக்காங்க" என்றாள் ஒரு இரண்டாம் வகுப்புச் சிறுமி. அடுத்த முட்டையில் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். அது கூமுட்டை. சேவல் சேராத முட்டையாக இருக்கலாம், வெயிலில் கிடந்து கெட்டதாக இருக்கலாம். இன்னொன்றில் நாளங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு ரத்த வளையம் மட்டும் தெரியும். வளரத் தொடங்கி நின்றுபோனது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயப் படிப்பில் விடை கிடையாது.

'கோழி நோட்டு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் எழுந்திருக்கும். இரை தின்று, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய எச்சம் போட்டு, கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடத்தில் திரும்பப் போய் உட்கார்ந்துவிடும். அது எப்போது எழுகிறது என்று நேரம் குறிப்பதற்காகவே கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. நோட்டில் ஒரு நாள் பதிவு இப்படி இருந்தது: 'இன்று கோழி கோபமாக உள்ளது. காரணம் தெரியவில்லை. 11.20-க்கு எழுந்தது. 11.35-க்கு உட்கார்ந்தது. கணக்கு சார் வந்ததைப் பார்க்கவில்லை.' கட்டுரைப் பயிற்சி என்று சொல்லி உட்கார வைத்தால் நாலு வரி எழுதாத கை அது. பதினொன்று வைத்து எட்டு பொரித்தால் எத்தனை சதவீதம், கூமுட்டை இரண்டைக் கழித்துவிட்டால் எத்தனை சதவீதம் என்பதை ஐந்தாம் வகுப்பு வாய்ச்சண்டையாகவே போட்டுத் தீர்த்தது.

குஞ்சு பொரித்ததும் அடுத்த வேலை கரையான். பழைய மண்பானையில் ஈரச் சாணம், வைக்கோல், கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் புற்று இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல புரதம் எந்தத் தீவன மூட்டையிலும் இல்லை. இது டாக்டர் கல்லூரியில் படித்தது அல்ல. அந்த ஊரில் ஒரு பையனின் தாத்தா செய்வது. பையன் வந்து சொன்னான், தலைமையாசிரியை தாத்தாவையே ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற அந்த மனிதர், கரும்பலகைக்குப் பக்கத்தில் பானையோடு உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

பிராணிகள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பார்த்துவருகிறார்கள். டாக்டர் ஓய்வு நேரத்தில் அவற்றைத் தேடிப் படிக்கிறவர். நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் கதை அவருக்குப் பிடித்தமானது. யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட, அறையில் இருந்த நாய் போய் அவனிடம் ஒட்டிக்கொண்டது. லெவின்சன் அதைத் தடுக்கவில்லை. நாய் சிகிச்சையில் துணை நிற்க முடியும் என்று 1962-ல் அவர் கட்டுரை எழுதினார். சக உளவியலாளர்கள் பலர் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதே நியூயார்க் மாநிலத்தில் புரூஸ்டர் என்ற ஊரில், ஒரு பால் பண்ணையில் 1947-ல் சாமுவேல் ராஸ் தொடங்கிய 'கிரீன் சிம்னீஸ்' பள்ளி இன்றும் நடக்கிறது. மனத்தளவில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பள்ளியாகப் பிற்பாடு அது மாறியது. ஆடு, குதிரை, கோழி முதல் காயம்பட்ட கழுகு, ஆந்தை வரை அங்கே வளர்கின்றன. குணமான பறவையைப் பறக்க விடுவதும் பிள்ளைகள்தான்.

வகுப்பறையிலேயே செய்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. வியன்னாவில் குர்ட் கோட்ரஷாலும் பிரிட்டா ஓர்ட்பௌவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் முதல் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை நாய் இல்லாமல் ஒரு மாதம், நாயோடு ஒரு மாதம் என்று படம்பிடித்துப் பார்த்தார்கள். நாய் இருந்த மாதத்தில் முரட்டுத்தனம் குறைந்தது, ஒதுங்கியிருந்த பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்தார்கள், ஆசிரியரைக் கவனிப்பதும் கூடியது. 2013-ல் ஆஸ்திரேலியாவில் மார்கரீட் ஓஹேர் குழு, ஆட்டிசம் உள்ள 33 பிள்ளைகளை அவர்களுடைய வகுப்புத் தோழர்களோடு சேர்த்துக் கவனித்தது. பொம்மைகளோடு விளையாடிய நேரத்தைவிடக் கினிப் பன்றிகளோடு இருந்த நேரத்தில் அவர்கள் அதிகம் பேசினார்கள், எதிரில் இருப்பவர் முகத்தை அதிகம் பார்த்தார்கள், அதிகம் சிரித்தார்கள், சிணுங்கலும் அழுகையும் குறைந்தன.

டாக்டர் இவற்றை மதிக்கிறார், ஆனால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடமாட்டார். 24 பிள்ளைகள், ஒரு மாதம் என்பது சின்னக் கணக்கு. இன்னொன்று, இந்த ஆய்வுகளில் பிராணி வந்துபோகிற விருந்தாளி. அதற்குச் சோறு போடுவதும், வியாதி வந்தால் பார்ப்பதும் வேறு யாரோ. அவர் பார்த்த பள்ளிகளில் பிள்ளைகள் மாறியது கோழியைத் தடவிக் கொடுத்ததால் அல்ல என்று அவர் நினைக்கிறார். நாட்டுக்கோழி தடவ விடவும் விடாது. இன்று தண்ணீர் வைக்காவிட்டால் நாளைக்குச் சேர்த்து வைக்க முடியாது என்ற ஒரு வேலை, பிள்ளையின் கைக்கு வந்து சேர்வதுதான் காரணம் என்பது அவர் கட்சி. வீட்டுப்பாடத்தை நாளைக்கு எழுதலாம். லீவு போட்டுவிட்டு அடுத்த நாள் காரணம் சொல்லலாம். கோழியிடம் காரணம் செல்லாது.

ஆட்டைப் பற்றி அவர் சொல்லும் ஒரு சம்பவத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். வேறொரு பள்ளியில் கன்னி ஆட்டுக்குட்டி ஒன்று வளர்த்தார்கள். கரிய உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, 'பால்கன்னி' என்பார்கள். கோடு செம்பழுப்பாக இருந்தால் 'செங்கன்னி'. அந்த வட்டாரத்துக்கே உரிய ஆடு. அது நோட்டுப் புத்தகத்தைத் தின்றது, தேர்வுத்தாளைத் தின்றது, சுவரில் ஒட்டிய தேசத் தலைவர் ஒருவரையும் பாதி தின்றது. பிள்ளைகளுக்கு இதனாலேயே அதன்மேல் ஏகப்பட்ட மரியாதை. ஒரு வெள்ளிக்கிழமை சத்துணவில் சோறு நிறைய மிஞ்சிவிட்டது. பாசத்தில் யாரோ ஒரு குண்டான் சோற்றை ஆட்டுக்கு வைத்துவிட்டார்கள்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண். கிடை போடுகிற குடும்பம், வருடத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் போவார்கள். வகுப்பில் வாய் திறக்காது, வாசிப்பில் பின்தங்கல். அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் எல்லாரும் ஓடிவிட, அந்தப் பெண் மட்டும் ஆட்டைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் வந்து நின்றது. "ஆடு ஒதுங்கி நிக்குது டீச்சர். அசை போடல. எடப்பக்கம் வயிறு பொம்முனு இருக்கு. பல்லக் கடிக்குது." ஆசிரியை போனில் இந்த நாலு வாக்கியத்தையும் அப்படியே திருப்பிச் சொன்னார். டாக்டருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் ஆட்டின் வயிற்றில் புளிப்பேறி அமிலம் கூடிவிடும். ராத்திரி முழுக்க விட்டிருந்தால் காலையில் ஆடு இருந்திருக்காது. வண்டியில் போய்ச் சேர்வதற்குள் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டச் சொன்னார். தலையை உயர்த்திப் பிடித்துப் புரையேறாமல் புகட்டியதும் அந்தப் பெண்தான். தன்னிடம் புதிதாக வேலைக்கு வந்த கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் இவ்வளவு ஒழுங்காக நோய்க்குறி சொன்னதில்லை என்கிறார்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண் கூடியதா என்று கேட்டால், அது தனக்குத் தெரியாது, தான் மாட்டு டாக்டர் என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரிந்தது ஒன்று. திங்கட்கிழமை ஆட்டின் தீவன அளவை யார் முடிவு செய்வது என்று பேச்சு வந்தபோது வகுப்பு முழுவதும் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது.

சாவு வராமல் பிராணி வளர்க்க முடியாது. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கோழிக்கழிச்சலுக்கான சொட்டு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. மருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வர வேண்டும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பிள்ளைகள் குஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், இவர் விடுவார். அந்தச் சடங்கு ஒழுங்காக நடந்த பள்ளியிலும் ஒரு முறை நோய் வந்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆசையோடு சந்தையில் இரண்டு வெடைக்கோழி வாங்கி வந்து, நேரே கூண்டுக்குள் விட்டுவிட்டார். புதிதாக வருகிற கோழியை இரண்டு மூன்று வாரமாவது தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அது தெரியாது. வாரம் திரும்புவதற்குள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல். வைரஸ் நோய், வந்தபின் வைத்தியம் இல்லை. தடுப்பு மருந்து போட்டவற்றில் பெரும்பாலானவை தப்பின, அடுத்த தவணைக்குக் காத்திருந்த குஞ்சுகள் போய்விட்டன.

ஆசிரியர்கள் பதறிப்போய், ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கப் புதைத்தார்கள். அழுதது ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் கேட்டதெல்லாம் விசாரணைக் கமிஷன் கேள்விகள். சந்தைக் கோழியை உள்ளே விட்டது யார்? சாவி யாரிடம் இருந்தது? மீதிக் குஞ்சுகளுக்கு ஏன் மருந்து போடவில்லை? பெரிய மனிதரைப் பார்த்து நேருக்கு நேர் கேட்கப்போகிறோம் என்று கிளம்பியவர்களைத் தடுத்து நிறுத்துவதுதான் தலைமையாசிரியைக்குப் பெரும் பாடாகிவிட்டது.

இதைவிடக் கடினமான கேள்வியை ஜப்பானில் ஒரு வகுப்பு சந்தித்தது. ஒசாகா வட்டாரத்தில் ஹிகாஷி நோசே தொடக்கப்பள்ளியில் 1990-ல் குரோடா யசுஃபுமி என்ற இளம் ஆசிரியர், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரிடம் ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டுவந்து விட்டார். வளர்த்து, கடைசியில் சாப்பிடுவது என்பது திட்டம். பிள்ளைகள் அதற்குப் 'பி-சான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு சாப்பிடுவது எப்படி? அவர்களே கொட்டகை கட்டினார்கள், மதிய உணவு மிச்சத்தைச் சேர்த்துப் போட்டார்கள். ஆறாம் வகுப்பு முடிந்து பள்ளியை விட்டுப் போகும் நேரம் வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம் என்றது ஒரு பாதி. நாம் தொடங்கியதை நாமே முடிக்க வேண்டும், இறைச்சிக் கூடத்துக்கு அனுப்புவோம் என்றது மறு பாதி. நாள்கணக்காக விவாதம். கடைசி முடிவு ஆசிரியருடையது, 1993-ல் பி-சான் இறைச்சிக் கூடத்துக்குப் போனது. பிற்பாடு புத்தகமாகவும், 2008-ல் திரைப்படமாகவும் இது வந்தது. குரோடா செய்தது கொடுமை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

குரோடா விஷயத்தில் டாக்டர் அவர் கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. கரிசல்காட்டுப் பிள்ளைக்கு இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிடா வெட்டைத் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இருந்தாலும் கூண்டில் சேவல்கள் கூடிப்போய் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியபோது என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டார்கள். ஊர்க்கோயில் வழக்கப்படி ஏலம் விடுவது என்று முடிவாயிற்று. ஆண்டு விழாவன்று மேடையில் ஏலம். கோயில் சேவலுக்கு உள்ள மவுசு பள்ளிக்கூடச் சேவலுக்கும் வந்து, விலை எங்கேயோ போய் நின்றது. ஏலம் எடுத்தவர் அதை என்ன செய்வார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. ஒரு பையன் மட்டும் தன் சேவலுக்காக ஏலத்தில் நாற்பது ரூபாய் வரை கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

ஆபத்துகளையும் அவர் மறைப்பதில்லை. கோழியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், கோழி பார்க்க நன்றாகவே இருக்கும். கூண்டு வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சத்துணவுத் தட்டைத் தொடக்கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கோழிக்குஞ்சைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஆகையால் வளாகத்தில் அங்கன்வாடி இருந்தால் கூண்டு மறுபக்கம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு எச்சம் அள்ளும் முறை கிடையாது, கணக்கு எழுதும் முறை. பள்ளியைச் சுற்றி வரும் தெருநாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். எந்த நாய் பல் பட்டாலும், கீறல் என்றாலும், கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதில் பேச்சுக்கே இடமில்லை.

பறவைக் காய்ச்சல் தனி அத்தியாயம். ஜப்பானில் தொடக்கப்பள்ளிகளில் முயலும் கோழியும் வளர்ப்பது நெடுநாள் வழக்கம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு அறிவியல், சமூக அறிவியல் இரண்டையும் எடுத்துவிட்டு 1992-ல் நடைமுறைக்கு வந்த 'வாழ்க்கைப் பாடம்' செடி வளர்ப்பதையும் பிராணி வளர்ப்பதையும் பாடத்திட்டத்திலேயே வைத்தது. 2004-ல் அங்கே பறவைக் காய்ச்சல் வந்தபின் பல பள்ளிகளில் கோழிக்கூண்டுகள் காலியாயின. இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அந்த நோய் முதன்முதலாகத் தென்பட்டபோது இங்கும் பெற்றோர்கள் கூண்டை எடுக்கச் சொல்லி வந்தார்கள். டாக்டர் அவர்களோடு வாதாடவில்லை. கோழிகளைக் கூண்டுக்குள்ளேயே வைத்து, காட்டுப் பறவைகள் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்காதபடி வலை போட்டு, அச்சம் தணியும் வரை பிள்ளைகளை விலக்கிவைத்து, தானே வந்து பார்த்துப் போனார்.

நோய் அழித்த கூண்டுகளைவிடப் பணிமாறுதல் அழித்த கூண்டுகள் அதிகம் என்பது அவருடைய கணக்கு. ஆர்வமுள்ள ஒரு தலைமையாசிரியை, இரண்டு ஆசிரியர்கள், மூன்று வருடம் அமோகமாக நடக்கும். கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் கிடைக்கும். புதிதாக வருகிறவருக்கு வாடை ஒத்துக்கொள்ளாது, அல்லது அதிகாரி ஆய்வுக்கு வரும்போது எச்சம் கிடந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதுவும் நியாயமான பயம்தான். கோழிகள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ச் சேரும். கூண்டில் உடைந்த பெஞ்சுகள் ஏறும்.

ஆகவே இப்போது யாராவது வந்து கேட்டால் இரண்டு காரியங்களை முன்கூட்டியே முடித்துவிட்டு வரச் சொல்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, கோழி பள்ளியின் சொத்து, ஆசிரியரின் சொந்த விருப்பம் அல்ல என்று எழுதி வைக்க வேண்டும். அந்தக் குழுவில் இருக்கிற பெற்றோரில், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இரண்டு பேர் கூண்டுச் சாவியின் மறுபிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். இவை போக, மே மாத விடுமுறைக்கு முறைப் பட்டியல் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தயாராக வேண்டும். கடைசி வாரத்தில் பாதிப் பேர் ஆச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். முதல் கூண்டு வைத்த அந்தத் தலைமையாசிரியையும் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பள்ளியில் இப்போது அடை உட்கார்ந்திருக்கிறது ஒரு கோழி, பதின்மூன்று முட்டை. வியாழக்கிழமை ஏழாம் நாள். டார்ச் கொண்டுவரச் சொல்லி ஐந்தாம் வகுப்பிலிருந்து டாக்டருக்கு போன் வந்தது.